இருபதாம் படம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தன் கையில் கொடுத்தால் ஜெயிலில் கடிதத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று வக்கீலம்மா சொன்னார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். மூன்று வாரமாகக் காகிதத்தை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன்.

முதலில் வீட்டு நிலவரம். அத்தானின் ஈமக் காரியங்களை அவருடைய அண்ணனே முடித்துவிட்டார். என்னைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. போலீஸ் சமையலறையைத் திறந்துவிட்ட அன்று நானே உட்கார்ந்து கழுவினேன். தரையில் போய்விட்டது. டைல்ஸ் இடுக்கில் மட்டும் கறுப்பாக நிற்கிறது, பல் தேய்க்கிற பிரஷ் வைத்துத் தேய்த்தும் போகவில்லை. அவருடைய லேத் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. நான் வழக்கம்போல் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் உன் கழுத்தை நெரித்தபோது கைக்குக் கிடைத்த இரும்பால் அடித்தாய் என்று போலீசிடம் சொல்லியிருக்கிறாய். அது நிற்க வேண்டுமானால் அவர் முன்பும் உன்னை அடித்திருக்கிறார் என்பதற்குச் சாட்சி வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களுக்கு எதுவும் தெரியாது என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்னையும் கேட்டார்கள். அன்று ராத்திரி நான் மொட்டை மாடியில் டெலஸ்கோப்போடு இருந்தேன், காதில் இயர்போன் மாட்டியிருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதுதான் நடந்தது. அத்தான் இப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்திருந்தால் சும்மா இருந்திருப்பேனா, அக்கா?

இரண்டு புடவை, சோப்பு, உன் கண்ணாடி அனுப்பியிருக்கிறேன். டெலஸ்கோப்பைத் தொடவே இல்லை. உறை போட்டு வைத்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

யாருக்குக் காது குத்துகிறாய்?

இயர்போனாம். எட்டு வருஷமாக உனக்குச் சோறு போட்டவள் நான். இயர்போன் மாட்டினால் தலை வலிக்கும் என்று அதை இரண்டாம் நாளே மேஜை டிராயரில் போட்டாய். இன்னும் அங்கேதான் கிடக்கும், போய்ப் பார்.

அவன் என்னை அடித்தது உனக்குத் தெரியாது. சரி. போன வருஷம் என் விலா எலும்புக்கு எக்ஸ்ரே எடுத்தது யார்? பலகையில் என்னைச் சாய்த்து வைத்து, "அசையாத, மூச்சப் புடி" என்று சொன்னது யார்? சீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எழுதியது யார் கையெழுத்து? நான் அப்படிச் சொல்லவில்லை. நான் எதுவுமே சொல்லவில்லை. நீயே கேட்டு நீயே எழுதிக்கொண்டாய்.

இனிமேல் அவனை அவர் என்று எழுத மாட்டேன். இங்கே வந்து கம்பி எண்ணுவதில் அந்த ஒரு சுகம் இருக்கிறது.

டெலஸ்கோப்பை நிறுத்த நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இரும்புக் குழாய் பதித்தீர்களே, எங்கே பதித்தீர்கள்? வீட்டிலேயே உறுதியான இடம் என்று தேடித் தேடி, சமையலறை மூலைத் தூணுக்கு நேர் மேலே. அன்று ரெண்டு பேருக்கும் எவ்வளவு பெருமை. அவன் பட்டறையில் உனக்காகவே இரும்பு வட்டு இரண்டு கடைந்து கொண்டுவந்தான், டெலஸ்கோப்பின் பின்பக்கம் எடை சமமாக நிற்க ஒன்று, உபரியாக ஒன்று. மாப்பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். அந்தத் தூணில்தான் அவன் என் தலையைப் பிடித்து மோதுவான். முடியைச் சுருட்டிப் பிடித்து ஒரு மோது, பிறகு நிறுத்தி மூச்சு வாங்கி இன்னொரு மோது. "கத்தாத, மேல உன் தம்பி படம் எடுக்கிறான்" என்பான். கத்தினால் படம் ஆடாது என்று அவனுக்குத் தெரியாது. தூண் ஆடினால்தான் ஆடும் என்று உனக்குத் தெரியும்.

உன் நோட்டை எடுத்துப் பார். ஒவ்வொரு படத்துக்கும் நேரம், குளிர், ஈரம் என்று கட்டம் கட்டி எழுதுவாயே, அதில் கடைசிக் கட்டம். மாடி பெருக்க வந்தபோதெல்லாம் நான் அதைப் படித்திருக்கிறேன். படித்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்திருக்கிறேன்.

கண்ணாடி கிடைத்தது. ஒரு பக்கம் விரிசல். அது எப்படி விரிந்தது என்றும் உனக்குத் தெரியாதுதான்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

நோட்டை எடுத்தேன். நீ சொன்னது சரி. பூசி மெழுக எனக்கு இனி வார்த்தை இல்லை.

என் வேலை உனக்குத் தெரியும் என்றாலும் வக்கீலம்மாவுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். அந்தச் சுருள் கேலக்ஸி கண்ணுக்கு ஒரு மங்கல் புகையாகக்கூடத் தெரியாது. நான்கு நிமிடத்துக்கு ஒரு படமாக நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் சுருள் வெளியே வரும். ஒரு படம் ஆடியிருந்தாலும் அதை அடுக்கக் கூடாது. ஆடிய படங்களைக் 'கழிவு' என்று ஒரு தனி இடத்தில் போட்டுவிடுவேன். ஏன் ஆடியது என்று நோட்டில் ஒரே எழுத்தில் குறிப்பேன். காற்று என்றால் 'கா'. தெருவில் லாரி போனால் 'லா'. மூன்றாவது ஒரு எழுத்து இருக்கிறது. 'கீ'. கீழே.

நாற்பத்தொரு இரவுகள். நூற்றுப் பதினேழு படங்கள். தேதியும் மணியும் கேமரா தானாகவே பதிந்திருக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரமும் புள்ளியாக இல்லாமல் வெட்டி வெட்டி இழுத்த கோடாக இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் எத்தனை மோது என்று சொல்லிவிடலாம். நவம்பர் மாதம் ஒரு படத்தில் ஒன்பது. நான் உட்கார்ந்து எண்ணினேன், அக்கா. அன்று எண்ணவில்லை. 'கீ' என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். நோட்டில் ஈரம் எத்தனை சதவீதம் என்றுகூட எழுதியிருக்கிறேன்.

வக்கீலம்மா நோட்டையும் படங்களையும் ஒவ்வொரு தேதியாக ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, இது போதும், இதைவிடச் சாட்சி வேண்டாம் என்றார். நான் கூண்டில் ஏறி, 'கீ' என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

ஒன்றுதான் உதைக்கிறது. கடைசி ராத்திரியின் படங்கள். பதினேழாவதும் பதினெட்டாவதும் கடுமையாக ஆடியிருக்கின்றன, பத்து நாற்பத்தொன்றிலிருந்து பத்து நாற்பத்தொன்பது வரை. அதன் பிறகு பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, மூன்றும் கல் மாதிரி நிற்கின்றன. பன்னிரண்டு நிமிடம் வீடு அசையவே இல்லை. இருபத்திரண்டில் ஒரே ஒரு அதிர்வு, பதினொரு மணிக்குப் பிறகு. அத்தான் விழுந்தது அதுதான். கழுத்தை நெரிக்கும்போது அடித்தாய் என்றால் நடுவில் இந்தப் பன்னிரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். அன்று மேகம், படமே எடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா என்று வக்கீலம்மா சுற்றி வளைத்துக் கேட்டார்.

அந்தப் பன்னிரண்டு நிமிடம் நீ எங்கே இருந்தாய், அக்கா?

தம்பி


மார்ச் 24

நீயா கேட்கிறாய்?

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது, உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தபோது. சரி, எழுத்தில் வேண்டும் என்றால் எழுத்திலேயே வாங்கிக்கொள்.

பதினேழில் தூண். எதற்கு என்று கேட்காதே, பட்டறைச் சாவியை வேறு ஆணியில் மாட்டியிருந்தேன். ஆறு மோது, ஏழாவதில் கண்ணாடி விரிந்தது. பதினெட்டில் என்னைத் தரையில் போட்டு முட்டியை நெஞ்சில் வைத்து இரண்டு கையாலும் நெரித்தான். நெரித்தது பொய் இல்லை. என் காலே தூணை உதைத்துக்கொண்டிருந்தது, உன் படத்தில் அதுவும் விழுந்திருக்கும். கண் இருட்டியது. பிறகு விட்டுவிட்டான். இன்றைக்கு இது போதும் என்பதுபோல எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நான் தவழ்ந்து வெளியே வந்தேன்.

வாசல் கதவு பூட்டி, சாவி அவன் பையில். இருந்தது மாடிப்படி ஒன்றுதான். படி முனையில் உன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரிந்தால் மேலே யாரும் நடக்கக் கூடாது, அது உன் சட்டம். நான் என்ன செய்தேன் தெரியுமா? செருப்பைக் கழற்றினேன். வாயில் இரத்தம் ஒழுகுகிறது, தொண்டையில் காற்று போகவில்லை, நான் உன் படம் ஆடக் கூடாது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலால் ஒவ்வொரு படியாக ஏறினேன். இப்போது நினைத்தால் என்னையே நான் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மாடிக் கதவுக்கு வந்தேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு கேமரா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். குரல் வரவில்லை. மூச்சுதான் வந்தது. அது உனக்குக் கேட்டது. நீ திரும்பவில்லை. வலது கையை மட்டும் தோளுக்கு மேலே தூக்கி, உள்ளங்கையைக் காட்டினாய். நில் என்று. வராதே என்று.

நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கை கீழே இறங்கவில்லை. கதவோரமாக உபரி வட்டு கிடந்தது, அவன் கடைந்ததுதான், மூன்று கிலோ, நடுவில் துளை. விரலை உள்ளே விட்டால் நன்றாகப் பிடி கிடைக்கிறது. வந்த மாதிரியே நுனிக்காலால் இறங்கினேன்.

அவன் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு. எல்லாரும் எனக்கு முதுகைத்தான் காட்டினீர்கள் அன்று. "தண்ணி எடுத்து வை" என்றான். நான் பின்மண்டையில் அடித்தேன். ஒரே அடி. தொட்டியின் விளிம்பில் வாய் மோதி, தூணில் சாய்ந்து, விழுந்தான். பயத்தில் அடித்தேன் என்று எழுத மாட்டேன். எனக்குப் பயம் படியிலேயே போய்விட்டது. அப்போது இருந்தது கோபம் மட்டும்தான், அதில் பாதி உன்மேல்.

அதன் பிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நீ இரண்டரை மணிக்கு இறங்கி வந்தாய். இருட்டிலேயே, "அக்கா, இன்னிக்கு வானம் அருமை" என்று சொல்லிக்கொண்டே விளக்கைப் போட்டாய்.

இருபதாம் படத்தைப் பெரிதாக்கிப் பார். ஒரு மயிரளவு ஆடியிருந்தால் சொல்.


ஏப்ரல் 4

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சனிக்கிழமை அத்தானின் அண்ணன் நான்கு பேரோடு வந்தார். நான் உன் பக்கம் சாட்சி சொல்லப் போகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பட்டறையிலிருந்து எடுத்துவந்த குழாயால் முதலில் டெலஸ்கோப்பை அடித்தார்கள். கண்ணாடி ஒரே அடியில் பொடியாயிற்று. மிச்சத்தை மாடியிலிருந்து தெருவில் எறிந்தார்கள். பிறகு என்னை டெலஸ்கோப் நிறுத்தியிருந்த குழாய்த் தூணில் சாய்த்துப் பிடித்தார்கள். முன்பல் இரண்டு போய்விட்டது. வலது கையை விளிம்புச் சுவரில் நீட்டி வைத்து அவர் காலால் மிதித்தார். மூன்று இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் எனக்கு எக்ஸ்ரே எடுத்த பையன் எப்படி ஆயிற்று என்று கேட்டான். அடித்தார்கள் என்று சொன்னேன். அப்படியே சீட்டில் எழுது என்று சொன்னேன். எழுதினான். அவ்வளவு சுலபம், அக்கா.

படங்கள் பத்திரம். ஆஸ்பத்திரி லாக்கரில் வைத்திருந்தேன்.

இருபதாம் படத்தைப் பார்த்தேன். ஆடவில்லை.

கை தூக்கியது நான்தான். யாரோ என்று நினைத்தேன் என்று சொல்ல வாய் வருகிறது, சொல்ல மாட்டேன். நீ என்று தெரியும். அந்த மூச்சு எப்படிப்பட்ட மூச்சு என்றும் தெரியும், விலா உடைந்தவர்கள் என் அறைக்குத் தினமும் வருகிறார்கள். திரும்பினால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் கீழே இறங்கி அத்தானை எதிர்த்து நிற்க வேண்டும். எனக்கு அவரிடம் பயம், அக்கா. அவர் வாங்கிக் கொடுத்த கேமரா, அவர் கொடுத்த மாடி அறை, அதுவும் உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வெறும் பயம். திரையில் சுருள் தெரிய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மற்றது இல்லை என்று ஆகிவிடும்போல இருந்தது. இரண்டு வருஷம் அப்படித்தான் ஆக்கிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்றாவது படத்திலிருந்து எழுபத்தொன்றாவது வரை, நாற்பத்தொன்பது படங்கள், இரண்டு இருபத்தொன்றுக்கு மேகம் வரும்வரை. ஒன்றுகூட ஆடவில்லை. அந்த வீடு அவ்வளவு அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அவற்றை அடுக்கினேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக வராத சுருள் வந்திருக்கிறது, முழுசாக. பார்த்துவிட்டுக் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

வக்கீலம்மாவிடம் நீ எழுதியதைச் சொல்லவில்லை. நாற்பது இரவுகளை மட்டும் கொடுத்துக் கடைசியை அழித்துவிட்டால் நீ வெளியே வரலாம். கடைசியையும் கொடுத்தால் நான் கை தூக்கியதைச் சொல்ல வேண்டும், நீ வட்டை எடுத்துக்கொண்டு போனதும் வெளியே வரும். ஆயுள்கூடக் கொடுக்கலாம். அழிக்க ஒரு பொத்தான் போதும். நீ சொல்வதைச் செய்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பி,

கை எப்படி இருக்கிறது? கட்டை நனைக்காதே.

உன் வாயை உடைத்தவன்மேல் எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. நான் உடைக்க வேண்டியதை அவன் உடைத்துவிட்டான் என்ற பொறாமையும் கொஞ்சம் கலந்திருக்கும்.

நீ மறுபடியும் பொறுப்பை என் தலையில் கட்டுகிறாய். "நீ சொல்வதைச் செய்கிறேன்." சின்ன வயசிலிருந்து இதே சாக்கு. இருந்தாலும் இந்த ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உள்ளே இருக்கப் போவது நான்.

அழிக்காதே. எல்லாவற்றையும் கொடு. எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. இங்கே ஆயுள் கைதி ஒருத்தி இருக்கிறாள், சுவரோடு பேசுகிறாள். ராத்திரி அவள் குரல் கேட்டால் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்கிறேன். ஆனாலும் நாற்பது நாள் அடி வாங்கியவள், நாற்பத்தொன்றாம் நாள் கழுத்தை நெரிக்கும்போது கை தெரியாமல் பட்டுவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தால், அந்தப் படியில் ஏறி இறங்கியவள் யார்? அவளையும் நீ கழிவில் போட்டுவிடுவாய். இரண்டு வருஷம் அதில் கிடந்தது போதும்.

வக்கீலம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். நெரித்தவன் கைக்கும் அடித்தவள் கைக்கும் நடுவில் பன்னிரண்டு நிமிடம் என்பது, ஓட இடம் தேடிய பன்னிரண்டு நிமிடம் என்று காட்ட முடிந்தால் தண்டனை குறையலாமாம். அதைக் காட்ட ஒரே ஆள்தான் உண்டு. அவனுக்கு அதைச் சொல்ல வாய் இருக்கிறதா என்று கேட்டார். பல் இரண்டு குறைவு, வாய் இருக்கிறது என்றேன்.

அக்கா


செப்டம்பர் 18

அக்கா,

நாளை காலை என் சாட்சி.

இன்று ஆஸ்பத்திரி வாசலில் அத்தானின் அண்ணன் நின்றிருந்தார். அடிக்கவில்லை. காதோரம் வந்து, நாளை நீ கோர்ட்டுக்குப் போனால் சாயங்காலம் உன் காலால் வீட்டுக்கு நடக்க மாட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே ஓடி எக்ஸ்ரே அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசைதான், பொய்யாகிவிடும். வக்கீலம்மா போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே தங்குகிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் என்னைப் பற்றியே இருந்தது. கிழித்துப் போட்டேன்.

நாளை உன் பக்கம் திரும்பித்தான் பேசுவேன்.

தம்பி


அக்டோபர் 2

அன்புள்ள தம்பிக்கு,

ஏழு வருஷம். உனக்குத் தெரியும், இருந்தாலும் என் கையால் எழுதிப் பார்க்கிறேன். ஆயுள் இல்லை. இருந்த எட்டு மாதத்தைக் கழித்துக்கொள்வார்களாம். வக்கீலம்மா என்னைவிட அதிகமாக அழுதார், நான்தான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

உன் கால் எப்படி? அவன் அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். ஊன்றுகோலோடு எத்தனை நாள்? அந்த மாடி அறைக்குப் போகாதே, படி ஏற முடியாது.

அன்று நீ பேசியதெல்லாம் எனக்கு நினைவில்லை. 'கீ' என்றால் கீழே என்று நீ சொன்னதும் ஜட்ஜ் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் உன்னை மடக்குவதாக நினைத்து, "எப்படிக் கை தூக்கினீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். நீ எங்கள் பக்கம் முதுகைத் திருப்பி நின்று, அந்தக் கோணல் கையைத் தோளுக்கு மேலே தூக்கினாய். எழுதிக்கொள்கிறவர் எழுதி முடிக்கும்வரை இறக்கவில்லை. எனக்கு அப்போது என்ன ஆயிற்று தெரியுமா? கூண்டில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். பழக்கம். பிறகு நீ கையை இறக்கினாய், திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். அப்போதுதான் மூச்சு விட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியாது. சில நாள் காலையில் மன்னித்துவிடுகிறேன், மத்தியானம் திரும்ப வந்துவிடுகிறது. ஏழு வருஷம் இருக்கிறது, பார்க்கலாம்.

அந்தப் படத்தை எனக்கு அனுப்பு. சுவரில் ஒட்டிக்கொள்ள இங்கே விடுகிறார்கள். இது என்ன என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டால், யாரும் என்னை அடிக்காத மூன்றேகால் மணி நேரம் இப்படித்தான் இருந்தது என்று சொல்வேன். ஆனால் நாற்பத்தொன்பதை மட்டும் அடுக்கியிருக்கிறாய். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்றை ஏன் விட்டாய் என்று எனக்குத் தெரியும். அவற்றையும் சேர்த்து மறுபடி அடுக்கு. இருபதில் நான் இருக்கிறேன், உன் பின்னால், இரத்தத்தை விழுங்கிக்கொண்டு, அசையாமல்.

கால் சரியானதும் பார்க்க வா. இங்கே வராந்தா நீளமானது. ஊன்றுகோலை நன்றாக ஊன்றி, சத்தமாக நடந்து வா. நீ வருவது எனக்குக் கேட்க வேண்டும்.

அக்கா